கல்லடி வீடு: மூன்று இலட்சம் ரூபாயில் உட்புறத்தை விற்பனைக்குத் தயார்படுத்தல்

வீடு மட்டக்களப்பு நகரின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் நிலத்தில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு, 2006 இல் கட்டியது. ஆறு அங்குலச் சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக் கூரை, தட்டையான அஸ்பெஸ்டஸ் சீலிங், சிவப்புச் சீமெந்துத் தரை. ஒரு ஹோல், மூன்று அறை, நடுவில் ஒரு நடை, குசினி, உள்ளேயே குளியலறை, முன்னால் விறாந்தை. உரிமையாளர் கனடாவில் இருக்கிறார், திறப்பு அக்காவிடம். சில காலம் வாடகைக்குக் கொடுத்திருந்து, பிறகு இரண்டு மாரி பூட்டியே கிடந்தது. விற்பதற்கு முன் உட்புறத்துக்கு ஒதுக்கிய தொகை 3,00,000 ரூபாய். அதற்கு மேல் இல்லை.

வீட்டாரின் முதல் எண்ணம் தரைக்கு மாபிள் (டைல்ஸ்) பதிப்பது, குசினிக்குப் புதிய பான்றி அலுமாரி போடுவது, மிச்சத்தில் பெயின்ற் அடிப்பது. மாபிள் ஒன்றே முழுத் தொகையையும் விழுங்கியிருக்கும். அதோடு தரை உயர்ந்து எல்லாக் கதவின் அடியையும் சீவ வேண்டி வந்திருக்கும். வாங்குபவருக்கு அந்த மாபிளின் நிறம் பிடிக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஆகவே அந்தத் திட்டம் முதலிலேயே கைவிடப்பட்டது.

யார் வீடு பார்க்க வருவார்கள் என்று யோசித்தால் செலவின் திசை தானே தெளிவாகும். இந்தப் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. அதனால் தாயும் மகளும் வருவார்கள். கூடவே ஒரு மாமா, அநேகமாக மேசன் வேலை தெரிந்தவர். தாய் நேரே குசினிக்கும் குளியலறைக்கும் போவார். மாமா சுவரைத் தட்டிப் பார்ப்பார், தரையோரத்தில் குனிவார், சீலிங்கில் மஞ்சள் வளையம் தேடுவார். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புபவர் வட்ஸ்அப் வீடியோவில் வெளிச்சத்தையும் நிறத்தையும் பார்ப்பார். இவர்களில் எவருமே அலங்காரத்துக்காக விலை கூட்டித் தருவதில்லை. ஆனால் ஈரம் கண்டால் எல்லோருமே விலையைக் குறைப்பார்கள். அதனால் காசு முதலில் ஈரத்துக்கு, அடுத்தது வெளிச்சத்துக்கு, மூன்றாவது தண்ணீர் புழங்கும் இடங்களுக்கு என்று பிரிக்கப்பட்டது.

ஈரம் எங்கிருந்து வந்தது

2024 தை மாதக் கடைசியில், மழை ஓயும் நேரத்தில் வீடு திறக்கப்பட்டது. சுவர்க் குறைகளைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. சித்திரையில் உலர்ந்து தெரியும் அதே சுவர் தையில் உண்மையைக் காட்டிவிடும்.

ஈரம் எல்லாம் ஒரே வகை அல்ல. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் தரையில் தொடங்கி மேலே கிடையாக ஒரு கோட்டில் முடியும். கோட்டருகே வெள்ளையாக உப்புப் பூக்கும். கூரைக் கசிவு சீலிங்கில் மஞ்சள் வளையமாகத் தெரியும், சுவரில் மேலிருந்து கீழாக வழிந்திருக்கும். குழாய்க் கசிவு ஓரிடத்தில் திட்டாக, மழை வெயில் பாராமல் இருக்கும். சந்தேகமான இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடிப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவும் மறுநாள் பகலும் விட்டுப் பாருங்கள். நீர்த்துளி உட்பக்கத்தில் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் நின்றால் அது பூட்டிய வீட்டின் காற்று ஈரம். யன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும்.

இந்த வீட்டில் மூன்று வகையும் இருந்தன. ஹோலின் தெற்குச் சுவர், முன்னறையின் தெற்குச் சுவர், நடு அறையின் மேற்குச் சுவர் ஆகிய மூன்றிலும் நில ஈரம். பின்னறையில் குளியலறையை ஒட்டிய சுவரில் குழாய்க் கசிவு. குசினி மூலையில் முகட்டு ஓட்டின் சாந்து வெடித்து ஒழுக்கு. நில ஈரத்தின் உயரம் விசித்திரமாக இருந்தது. இவ்வளவு மெல்லிய சுவரில் மூன்று அடிக்குள் நிற்க வேண்டியது நாலரை அடி வரை ஏறியிருந்தது. காரணம் கண்முன்னே இருந்தது: முன்பு யாரோ ஈரக்கறையை மறைக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் நான்கு அடிக்கு எண்ணெய்ப் பெயின்ற் (எனாமல்) பட்டி அடித்திருந்தார்கள். எனாமல் நீராவியை வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் பட்டிக்கு மேலே போய்த்தான் வெளிவரும். ஈரச் சுவரில் எண்ணெய்ப் பெயின்ற் அடிப்பது மட்டக்களப்பு நகரெங்கும் நடக்கும் தவறு. ஒவ்வொரு தடவையும் கறையை இன்னும் உயரத்துக்கு ஏற்றிவிடுவதுதான் அதன் பலன்.

ஈரத்தின் மூலம் வீட்டுக்குள் இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து வளவுக்கு இரண்டு தடவை கிறவல் (சரளை மண்) போட்டு உயர்த்தியிருந்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் வெளிநிலம் உள்தரைக்கு ஓர் அங்குலம் மட்டுமே கீழே நின்றது. கட்டும்போது அத்திவாரத்துக்கு மேல் தாரும் மணலும் போட்ட ஈரத்தடை இருந்தது. அது முழுவதும் மண்ணுக்குள் புதைந்து போயிருந்தது. மழைநீர் அந்தத் தடைக்கு மேலே, நேரடியாகச் சுவர்க் கல்லுக்குள் இறங்கியது. கூரைக்குப் பீலி இல்லாததால் ஓட்டிலிருந்து விழும் தண்ணீரும் அதே இடத்தில்தான் விழுந்தது.

எனவே முதல் வேலை மண்வெட்டி வேலை. இரண்டு சுவரோரமும் சேர்த்து 58 அடி நீளத்தில், 2 அடி அகலத்தில் மண் எடுக்கப்பட்டது. ஆழம் தொடக்கத்தில் உள்தரைக்கு 6 அங்குலம் கீழே, வீதி வடிகால் பக்க முடிவில் 13 அங்குலம் கீழே. அதாவது நூறுக்கு ஒன்று சரிவு. இந்தச் சரிவு இல்லாவிட்டால் வெட்டிய பள்ளமே மாரியில் குளமாகி, முன்பைவிட மோசமாகும். கறுப்புத் தார்க்கோடு வெளியே தெரிந்ததும் மேற்பகுதியில் வெட்டு நிறுத்தப்பட்டது. மணல் நிலத்தில் அத்திவார அடிவரை தோண்டக் கூடாது, மண் சரிந்து சுவர் இறங்கும். அடியில் முக்கால் அங்குலக் கருங்கல் 3 அங்குலத்துக்குப் பரப்பினால் கூரைத் தண்ணீர் சுவரில் தெறிப்பதும் குறையும். முழுத் திட்டத்திலும் மிக மலிவான வேலை இதுதான். இதைச் செய்யாமல் பின்னால் செய்யும் எதுவும் ஒரு மாரியைத் தாண்டாது.

பூச்சு

மாசி முதல் வாரத்தில் மூன்று சுவரின் உட்பூச்சும் 5½ அடி உயரத்துக்கு உடைத்து எடுக்கப்பட்டது. கறை முடியும் கோட்டுக்கு மேலும் ஒரு அடி என்பது கணக்கு. உப்பு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு மேலேயும் பரவியிருக்கும். மொத்தம் 42 அடி நீளம், ஏறத்தாழ 230 சதுர அடி. கல் தெரிய, யன்னல் எல்லாம் திறந்தபடி, மாசி, பங்குனி இரண்டு மாதமும் சுவர் காயவிடப்பட்டது. ஈரமான சுவர் ஓர் அங்குலத் தடிப்புக்குச் சுமார் ஒரு மாதம் என்ற வேகத்தில்தான் காயும். ஆறு அங்குலச் சுவர் இரு பக்கமும் காற்றுப் பட்டால் மூன்று மாதத்துக்குள் பூசும் நிலைக்கு வரும். இங்கே இரண்டு மாதம்தான் கிடைத்தது என்பதாலேயே சுண்ணாம்பு கலந்த பூச்சு தேவைப்பட்டது.

காயத் தொடங்கியதும் உப்பு முன்பைவிட அதிகமாகப் பூத்தது. வீட்டார் பயந்தார்கள். அது நல்ல அறிகுறி: தண்ணீர் வெளியே வந்து ஆவியாகும்போது தன்னோடு கரைத்துக் கொண்டுவந்த உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகிறது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். வாரம் ஒரு தடவை காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, கீழே கடதாசி விரித்து அள்ளி, வளவுக்கு வெளியே கொட்ட வேண்டும்.

புதிய பூச்சு சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முடிந்தது. கலவை சீமெந்து 1, சுண்ணாம்பு 1, ஆற்று மணல் 6. முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்புக்கு 50 கிலோச் சீமெந்து 2 பை, சுண்ணாம்பு 40 கிலோ, மணல் 14 கன அடி போதுமாக இருந்தது. மேசன் சொன்ன யோசனை வேறு: ஒன்றுக்கு மூன்று கடும் சீமெந்துக் கலவை, அதில் தண்ணீர் புகாமல் தடுக்கும் மருந்து. அது எண்ணெய்ப் பெயின்ற் செய்த அதே வேலையைத்தான் செய்யும்: மிச்ச ஈரத்தை மேலே தள்ளும். சுண்ணாம்பு கலந்த பூச்சு மெல்ல மூச்சு விடும். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இலவசமாகக் கிடக்கிறதே என்று அதைக் கலந்தால், எடுத்த உப்பை நாமே திரும்ப வைத்த மாதிரி. பூச்சைத் தரை வரை இறக்காமல் அரை அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினால் தரையைக் கழுவும் தண்ணீர் பூச்சில் ஏறாது; அந்த இடைவெளியை மெல்லிய பலகைப் பட்டி மறைத்துவிடும்.

பின்னறைச் சுவரில் குழாய் இணைப்பு மாற்றப்பட்டது. சுவர் முழுதாகக் காயக் காலம் போதாததால் பூச்சு உடைக்கப்படவில்லை; உரிந்த பெயின்றைச் சுரண்டி, சுண்ணாம்பு மட்டும் அடித்து விடப்பட்டது. பார்க்க வருபவருக்கு அதன் காரணத்தைச் சொல்வது என்றும் அப்போதே தீர்மானிக்கப்பட்டது.

பெயின்ற்

புதிய பூச்சுக்கு நான்கு வாரமாவது வயது வேண்டும். பச்சைச் சீமெந்தின் காரம் பெயின்றை அரித்து நிறத்தை வெளிறவைக்கும். அதனால் பெயின்ற் வேலை வைகாசி நடுவில் தொடங்கியது. சித்திரைக்கு முன் ஊரெல்லாம் பெயின்ற் அடிக்கும் காலம், நல்ல ஆள் கிடைப்பது கடினம், கூலியும் கூட. ஒரு மாதம் பிந்தியதில் அந்த நயமும் கிடைத்தது.

அளவு இப்படி வந்தது. ஹோல், அறைகள், நடை, குசினிச் சுவர் எல்லாம் கதவு யன்னல் கழித்து ஏறத்தாழ 2,160 சதுர அடி, அதாவது 200 சதுர மீற்றர். ஒரு லீற்றர் இமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ற்) பழைய சுவரில் ஒரு தடவைக்குப் பத்துச் சதுர மீற்றர் பிடிக்கும் என்று வைத்தால் இரண்டு தடவைக்கு 40 லீற்றர். சீலிங் 700 சதுர அடி, இரண்டு தடவைக்கு 13 லீற்றர். கடைக்காரர் தகரத்தில் எழுதியிருக்கும் பரப்பைக் காட்டிக் குறைவாகப் போதும் என்பார். அது வழுவழுப்பான புதுச் சுவருக்கான கணக்கு.

நிறம் வீடு முழுக்க ஒன்றே: சற்று மஞ்சள் சாய்ந்த வெள்ளை. ஹோல் மயில்பச்சை, அறைகள் ரோஸ், ஊதா, நீலம் என்றிருந்தன. ஒரே நிறமானதும் சிறிய நடைகூட அகன்று தெரிந்தது. ஒரே நிறத்தில் மீதி வீணாவதும் இல்லை. எல்லாப் பக்கட்டையும் ஒரு பெரிய பரலில் ஊற்றிக் கலந்துவிட்டே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இலக்கப் பெயின்றிலும் பக்கட்டுக்குப் பக்கட்டு மெல்லிய வேறுபாடு சுவரில் தெரியும்.

மயில்பச்சைச் சுவரில் வெள்ளை இமல்ஷனை நேரே அடித்தால் நான்கு தடவையிலும் பச்சை எட்டிப் பார்க்கும். முதலில் மலிவான வெள்ளைச் சீலர் ஒரு தடவை. பிறகு இரண்டு தடவை நிறம். உள்ளங்கையால் தேய்த்தால் மா மாதிரி ஒட்டும் பழைய சுவருக்கும், புதிய பூச்சுக்கும் காரம் தாங்கும் பிறைமர் தேவை. பழைய பெயின்றின் பிடிப்பைச் சோதிக்க டேப் ஒன்றை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ற் டேப்போடு வந்தால் அந்த இடம் சுரண்ட வேண்டிய இடம். நடை, குசினிச் சுவர்களில் மிஞ்சியிருந்த எனாமல் பட்டியை 120 ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் மினுக்கம் போகும்வரை தேய்க்க வேண்டியிருந்தது. தேய்க்காத எனாமல் மேல் அடித்த இமல்ஷன் சில மாதத்தில் தோலாக உரியும்.

பெயின்ற்காரருடன் பேசும்போது சுரண்டல், தேய்ப்பு, துளை அடைப்பு எல்லாவற்றையும் நாட்கூலிக்கும், அடிப்பதைச் சதுர அடிக்கும் பேசுவது நல்லது. முழுவதையும் சதுர அடிக்குப் பேசினால் தயார்ப்படுத்தும் வேலையைத்தான் முதலில் வெட்டுவார்கள். தண்ணீர் பத்துக்கு ஒன்றுக்கு மேல் கலக்கக் கூடாது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் நான்கு மணித்தியாலம்.

அஸ்பெஸ்டஸ் சீலிங்கைச் சாண்ட் பேப்பரால் தேய்க்கவோ வாளால் அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கொடியது. ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் வளையங்களுக்கு எண்ணெய் அண்டர்கோட் (அடிப்பூச்சு) ஒரு கை, மேலே வெள்ளை இமல்ஷன். வெடித்த ஒரு தகட்டைக் கழற்றாமல் வெடிப்பின் மேல் மரப்பட்டி வைத்து மூடப்பட்டது. ஒழுக்கை முதலில் அடைக்காமல் வளையத்தை மறைப்பதில் பயனில்லை. அறை விளக்கை அணைத்து, சீலிங் கதவு வழியாகக் கூரைக்குள் பார்த்தால் வெளிச்சம் ஊசியாக நுழையும் ஓடுகள் தெரியும்.

குசினியும் குளியலறையும்

குசினியில் விறகடுப்புப் புகை சுவரில் படிந்திருந்தது. கழுவாமல் அடித்தால் புகைக்கறை இமல்ஷனைத் துளைத்துப் பழுப்பாக வெளிவரும். சலவைச் சோடாக் கரைசலால் இரண்டு தடவை கழுவி, காயவைத்து, எண்ணெய் அண்டர்கோட் அடித்த பிறகே இமல்ஷன். ஈரத்தில் உப்பிப்போன பான்றி அலுமாரிகளைத் திருத்த முயலாமல் கழற்றி வெளியே போட்டாயிற்று. கீழே இருந்த சீமெந்துத் தட்டு நல்ல நிலையில் இருந்தது. வெறும் தட்டு வீங்கிய பலகையைவிடச் சுத்தமாகத் தெரியும். புதிய தண்ணீர்க் குழாய் ஒன்று, தொட்டிக்குப் புதிய அடைப்பு, அவ்வளவுதான்.

கல்லடிக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. குளியலறை மாபிளிலும் குழாயிலும் வெள்ளைச் சுண்ணக்கறை கட்டியிருந்தது. கழிப்பறைக்கு விற்கும் கடும் அமிலத்தைச் சுவரில் ஊற்றினால் மாபிள் இடுக்குச் சீமெந்து கரைந்துபோகும். சிற்றிக் அமிலம் ஒரு லீற்றருக்கு மூன்று மேசைக்கரண்டி, துணியில் நனைத்து அரை மணித்தியாலம் ஒட்டிவிட்டால் கறை தேய்க்க இளகும். பூஞ்சணத்துக்குக் குளோரின் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. அமிலமும் குளோரினும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேண்டாம். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும், சிறிய குளியலறையில் அது ஆளை வீழ்த்தும். இடுக்குகளைச் சுரண்டி வெள்ளைச் சீமெந்து நிரப்பியதும் குளியலறை புதிதாகிவிட்டது.

பூட்டிய வீட்டின் நாற்றத்துக்குப் பலர் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். இந்த வீட்டில் நாற்றம் தரை வடிகுழியிலிருந்து வந்தது. பாவனை இல்லாமல் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் வற்றியதும் குழியின் வாயு நேரே வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு வடிகுழிக்கும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதோடு அது தீர்ந்தது. வீடு விற்கும்வரை வாரம் ஒரு தடவை ஊற்ற வேண்டும்.

மற்றவை

யன்னல் கம்பிகள் உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தன: வயர் பிரஷ், ரெட் ஒக்சைட் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு தடவை, எனாமல் இரண்டு தடவை. துருவின் மேல் நேரே எனாமல் அடித்தால் அடுத்த மாரிக்குள் கொப்புளிக்கும். சிவப்புத் தரையின் வெடிப்புகள் சிவப்பு ஒக்சைட் கலந்த சீமெந்தால் அடைக்கப்பட்டன, பிறகு மெழுகு பொலிஷ். மஞ்சளாகிய சுவிட்சுகள் மாற்றப்பட்டன, மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்று மின்வேலைக்காரர் உறுதிசெய்தார். எல்லா அறைக்கும் ஒரே நிறச் சாயல் உள்ள எல்ஈடி விளக்கு. ஹோல் யன்னலை மறைத்த மாமரக் கிளை வெட்டப்பட்டது. புதிய விளக்குகளைவிட அதுதான் அதிக வெளிச்சம் தந்தது.

மரத் தளபாடங்களில் பாதி அக்காவின் வீட்டுக்குப் போயின. மிஞ்சிய அலுமாரியும் கட்டிலும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டன. பின்னால் காற்றோடும், வருபவர் சுவரைப் பார்க்கவும் முடியும். திரைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி, வெளிர் நிறத்தில். சாமியறைப் படங்கள் முறைப்படி எடுத்துச் செல்லப்பட்டு மாடம் மட்டும் துடைத்து விடப்பட்டது. வாங்குபவர் சைவரா, கிறிஸ்தவரா, முஸ்லிமா என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.

கணக்கு இப்படி முடிந்தது: மண் வேலையும் பூச்சும் 62,000, பெயின்ற் பொருட்கள் 98,000, பெயின்ற் கூலி 66,000, மின்வேலை 24,000, குசினியும் குளியலறையும் 27,000, கதவு யன்னல் 11,000, துப்புரவும் திரையும் 8,000. மொத்தம் 2,96,000 ரூபாய். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேரே தெரியாத ஈர வேலைக்குப் போனது. தொகை இதில் பாதியாக இருந்தாலும் அந்தப் பங்கைத் தொடாமல், பெயின்றை ஹோலுக்கும் குசினிக்கும் மட்டும் சுருக்குவதுதான் சரி.

காட்டியது

வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வரும், மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடியமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டிய வாரங்களில் வீடு காட்டப்பட்டது. நேரம் காலை எட்டிலிருந்து பத்து. பிற்பகலில் கச்சான் காற்று புழுதியை உள்ளே கொண்டுவரும், ஓட்டின் சூடும் அறைக்குள் இறங்கியிருக்கும். வீடியோவுக்குத் தொலைபேசியைக் கிடையாகப் பிடித்து, அறை மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில், யன்னலைத் திறந்து, விளக்கையும் போட்டு எடுத்தால் அறையின் முழு அளவும் தெரியும்.

வந்த மேசன்மார் எல்லோரும் தெற்குச் சுவரைத்தான் தட்டினார்கள். பூச்சு உடைத்தபோது, தார்க்கோடு வெளியே தெரிந்தபோது, புதிதாகப் பூசியபோது எடுத்த படங்கள் கையில் இருந்தன. வெளியே கூட்டிப்போய்க் கருங்கல் பட்டியைக் காட்டியதும் ஈரத்தைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது. பின்னறைச் சுவர் இன்னும் காய்கிறது, அடுத்த பங்குனிக்குப் பிறகு பூசுங்கள் என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டது. அதற்காக ஒரு பகுதியினர் ஒரு சுவரின் பூச்சுச் செலவைக் கழித்துக் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நியாயமான கழிவு. மறைத்திருந்தால் அவர்கள் முழு வீட்டையும் சந்தேகித்திருப்பார்கள்.

விற்பனை மாரிக்குள் முடியாவிட்டால் செய்ய வேண்டியவை சில: ஐப்பசிக்கு முன் கருங்கல் பட்டியில் விழுந்த சருகை அள்ளி வடிகால் வாயைத் திறந்துவைக்க வேண்டும், முகட்டு ஓட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், வாரம் ஒரு நாள் யன்னல்களைத் திறந்து காற்று ஓடவிட வேண்டும். பக்கத்து வளவுக்குக் கிறவல் போட்டால் எல்லையோரத்துக்கு ஓடிவரும் தண்ணீரின் போக்கும் மாறும். அதையும் முதல் மழையன்று போய்ப் பார்த்துவிட வேண்டும்.